ரோடு இல்லாத பாலமும் கூர்மை போதாத கேலியும்

அரசாங்கத்தைக் கேலி செய்வது குடிமக்களின் உரிமை. அந்த உரிமையை அவரவர் இஷ்டத்துக்குக் கண்டபடி பயன்படுத்திக்கொண்டிருந்தால் தரம் என்ன ஆவது என்று கவலைப்பட்ட மாநிலம் ஒன்று ஜெர்மனியின் வடக்கே உண்டு. அங்கே மாநிலத் திரைப்பட ஊக்குவிப்பு வாரியத்தின் மேல்மாடியில் அரசியல் நையாண்டிப் பிரிவு என்று தனியாக ஒரு பிரிவு இயங்கிவந்தது. அரசாங்கத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு அரசாங்கமே ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கும். ஆண்டு முடிவதற்குள் சிரித்துத் தீர்க்காவிட்டால் மிச்சத் தொகை கருவூலத்துக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் நவம்பர் பிறந்தாலே அந்த மாடியில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட ஒரு நவம்பரில்தான் இம்கே ப்ரோடர்சன் தன் திரைக்கதையோடு அங்கே போய்ச் சேர்ந்தாள்.

இம்கே சினிமா இயக்குநர். நாற்பதைத் தாண்டியவள். சிரிப்புப் படம் எடுப்பாள்; நேரில் லேசில் சிரிக்க மாட்டாள். வயிற்றுப்பாட்டுக்கு டிவியில் துப்பறியும் கதைகள் எடுத்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு பிணத்தை ஆற்றங்கரையில் கிடத்திக் கிடத்தி அலுத்துப்போய், உயிரோடு இருப்பவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன என்று யோசித்தாள். அவளுடைய சொந்த ஊரிலேயே அதற்கு ஒரு கதை கிடந்தது.

ஊர் பெயர் வைடன்பெக். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் நகரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பால் ஆலை எல்லாம். நடுவில் பாலம் கிடையாது. எதற்கும் அடுத்த மாவட்டம் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். ஊர்க்காரர்கள் பல காலம் மனுப் போட்டார்கள். கடைசியில் கட்டுமானத் துறை மனம் இரங்கி, அழகான பாலம் ஒன்றைக் கட்டி முடித்தது. பாலம்தான் அந்தத் துறையின் வேலை. பாலத்துக்கு ஏறும் ரோடு போக்குவரத்துத் துறையின் வேலை. போக்குவரத்துத் துறையோ, பாலத்தின்மேல் எத்தனை வண்டிகள் போகின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்தது. ஒன்றுகூடப் போகவில்லை. ஒரு வண்டிகூடப் போகாத பாலத்துக்கு ரோடு எதற்கு என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆகப் பாலம், இரண்டு முனையும் ஆள் உயரத்துக்குமேல் அந்தரத்தில் நிற்க, புல்வெளியில் கம்பீரமாக நின்றது. கட்டுமான அமைச்சர் லூடமன் திறப்பு விழாவுக்கு வந்தபோது ஏணி வைத்து ஏறினார். ரிப்பனை வெட்டினார். பேசினார். அதே ஏணியில் இறங்கிக் காரில் ஏறிப் போனார். அன்று கூட்டத்தில் இம்கேயும் இருந்தாள். அவளுடைய அண்ணன் ஹாயோவுக்கு அங்கே மாட்டுப்பண்ணை. அவன் மாடுகள்தான் பாலத்தின் நிழலை முதன்முதலில் பயன்படுத்திய பயனாளிகள்.

"இத வச்சு ஒரு படம் எடுக்கப் போறேண்ணே," என்றாள் அவனிடம்.

"எடு. அதப் பாத்தாவது மானம் ரோஷம் வந்து ரோடு போடட்டும். ஆனா ஒண்ணு. ரோட்டுக்கே காசு இல்லேங்கறவன் உன் படத்துக்குக் குடுப்பானா?"

குடுக்க மாட்டான் என்றுதான் இம்கேயும் நினைத்தாள். அவளுடைய தயாரிப்பாளர் ரூபர்ட் அதையே பெரிதும் நம்பியிருந்தான். "தரமாட்டோம்னு சொல்லட்டும் இம்கே. 'அரசாங்கம் மறுத்த படம்'னு போஸ்டர்லயே போட்டுடுவேன். அதுக்குமேல விளம்பரம் எதுக்கு?" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவளும் வாரியத்தின் முகத்தில் அறைவதற்கென்று ஆவேசமான ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள்.

நையாண்டிப் பிரிவின் தலைவர் டாக்டர் ஸ்டால்மன் அவளை மரியாதையாக உட்காரவைத்தார். அவர் அறைச் சுவர் முழுக்கச் சிரிப்புப் பட போஸ்டர்கள். அவர் மட்டும் பணி நேரத்தில் சிரிப்பதில்லை. சிரித்தால் ஒரு விண்ணப்பத்துக்குச் சாதகமாக நடந்துகொண்டதாகிவிடும் என்பது அவர் கொள்கை.

"உங்க திரைக்கதையப் படிச்சேன் மேடம். கூர்மை மதிப்பீட்டுக் குழுவும் படிச்சுது."

"பிடிக்கலேன்னா நேராச் சொல்லிடுங்க டாக்டர். நான் எங்க சொல்லணுமோ அங்க சொல்லிக்கறேன்."

"பிடிக்காம என்ன! ஜனநாயகத்துக்கு இதுதானே மூச்சுக்காத்து. பணம் ஒதுக்கறதுன்னு முடிவாயிடுச்சு. ஒரே ஒரு குறை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூர்மை போதல."

தயார் செய்துகொண்டு வந்த ஆவேசத்தை என்ன செய்வது என்று இம்கேவுக்குத் தெரியவில்லை. "போதலையா?"

"பாதிக் கதையில அமைச்சர் மரத்துலேருந்து ஒரு பூனைக்குட்டிய எறக்கி விடறாரே, எதுக்கு?"

"அவரும் மனுஷந்தானேன்னு காட்டறதுக்கு."

"அது வேண்டாம். மனுஷனா இருக்கறவரக் கேலி பண்ண வரிப்பணத்தத் தர முடியாது. நாளைக்குக் கணக்குத் தணிக்கைல கேள்வி வரும். பூனைக்குட்டிய எடுத்துடுங்க. முடிஞ்சா மரத்துலயே விட்டுட்டுப் போற மாதிரி வையுங்க."

"டாக்டர், நான் கேலி பண்றது உங்க அரசாங்கத்த."

"தெரியுமே. அதனாலதான் நல்லாப் பண்ணணும்கறேன். அரை மனசாக் கேலி பண்ணினா எங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

வெளியே வந்து ரூபர்ட்டுக்கு போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "அப்படின்னா போஸ்டர்ல என்னத்தப் போடறது?" என்றான் பரிதாபமாக.

டிசம்பரில் அமைச்சர் லூடமனிடமிருந்தே அழைப்பு வந்தது. அமைச்சக உணவு விடுதியில் மூலையில் ஒரு மேசை. சுண்டவைத்த கீரைக்கோஸும் புகைபோட்ட சாஸேஜும் ஆளுக்கொரு தட்டு. லூடமன் உருண்டையாக, நல்ல சுபாவமுள்ளவராக இருந்தார். மிரட்டப்போகிறார் என்று இம்கே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம், படத்துல வர்ற அமைச்சர் நாந்தானே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"படத்தில் வருபவர்கள் யாவரும் கற்பனையே." இதை வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார்.

லூடமன் முகம் வாடிப்போயிற்று. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம். என் பேரையே போட்டுக்கலாம். நான் எழுதிக் குடுத்துடறேன்."

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"கோவமா! வேளாண்மை அமைச்சரம்மாவப் பாருங்க. போன வருஷம் டிவில ஒரு சிரிப்புப் படத்துல அந்தம்மாவப் பன்னிக்கூட்டம் தொரத்தற மாதிரி காட்டினாங்க. இப்ப எங்க போனாலும் ஜனங்க ஓடி வந்து கூட நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. என்னைப் பாருங்க. இங்க எவ்வளவு காலமா அமைச்சரா இருக்கேன்! இன்னிக்குக் காலைல வாசக் காவலாளி, யாரப் பாக்கணும்னு கேக்கறான்."

இம்கே உதட்டைக் கடித்துக்கொண்டாள். லூடமன் சாஸேஜை வெட்டியபடி தயங்கித் தயங்கிக் கேட்டார். "பன்னி மாதிரி ஏதாவது... நம்ம படத்துலயும் உண்டா?"

"மாடு உண்டு சார்."

"மாடும் நல்லதுதான்," என்றார் நிம்மதியாக.

விஷயம் வெளியே கசிந்ததும் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆட்சி மூன்று கட்சிக் கூட்டணி. ஒரே கட்சியைச் சேர்ந்த அமைச்சரை மட்டும் பொதுப் பணத்தில் கேலி செய்வது கூட்டணி ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று மற்ற இரண்டும் கொடி பிடித்தன. நையாண்டி ஒதுக்கீட்டு ஆலோசனைக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. சட்டமன்றத்தில் யாருக்கு எத்தனை இடமோ அந்த விகிதத்தில் கேலியும் பங்கிடப்பட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. சின்னக் கூட்டணிக் கட்சிக்கு ஒரு சறுக்கி விழும் காட்சியும் ஒரு தும்மலும் கிடைத்தன. தும்மல் போதாது என்று அவர்கள் வெளிநடப்பு செய்தார்கள்.

எதிர்க்கட்சித் தலைவி பெரிய குரலில் கேட்டாள்: "எங்களுக்கு ஒரு காட்சிகூட இல்லையே, ஏன்? நாங்க என்ன கேலி பண்ணத் தகுதியில்லாதவங்களா?"

"நீங்க ஆட்சில இல்லையேம்மா. எதுவும் செய்யலியே," என்றார் ஸ்டால்மன்.

"அவங்க மட்டும் என்ன செஞ்சாங்க?"

இந்தக் கேள்விக்கு அவையில் பதில் இல்லாததால் எதிர்க்கட்சிக்கும் ஒரு காட்சி ஒதுக்கப்பட்டது.

இம்கே வீட்டுக்கு வந்து திரைக்கதையைப் பிரித்துப் பார்த்தாள். தான் கத்தி எடுத்துக்கொண்டு போனது போலவும், வழியில் இருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று, எனக்குக் கொஞ்சம் இங்கே கீறு, எனக்கு இந்தப் பக்கம் கீறு என்று கன்னத்தைக் காட்டுவது போலவும் இருந்தது அவளுக்கு. ரூபர்ட்டிடம் சொன்னபோது அவன், "அதுக்கென்ன, ரத்தம் வந்தாச் சரி," என்றான்.

ஏப்ரல் மாதம் படப்பிடிப்பு. புல்வெளியில் கூடாரங்கள், விளக்குகள், நீள நீளமான ஏணிகள். ஹாயோவின் மாடுகளுக்கு முகம் துடைத்துவிட ஒரு பெண். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. முதல் காட்சிக்கு இம்கே கையை உயர்த்திய நேரம், ஆற்றின் அக்கரையில் திடுதிடுவென்று சத்தம். மஞ்சள் நிறத்தில் ஒரு ரோடு ரோலர் வந்து நின்றது. அதன் பின்னால் ஜல்லி லாரிகள். பிறகு தார் வண்டி.

போக்குவரத்துத் துறைப் பொறியாளர் ஹார்ட்விக், அடுத்த மாவட்டம் வழியாகச் சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்க இம்கேவிடம் வந்து சேர்ந்தார். மெலிந்து, பயந்த முகத்தோடு இருந்தார்.

"மேடம், எங்க இயக்குநர் உங்க திரைக்கதையப் படிச்சுட்டாரு. பழி மொத்தமும் எங்க துறை தலைலதான் விழுதாமே? மனுஷன் தூக்கமில்லாம தவிச்சுப்போயிட்டாரு. படம் வர்றதுக்குள்ள ரோட்டப் போட்டு முடிச்சுடுன்னு உத்தரவு. இந்த மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடுவோம்."

ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் தொப்பியைத் தூக்கிப் போட்டார். ஹாயோ தங்கையின் தோளைத் தட்டி, "சாதிச்சுட்டடி! படம் எடுக்கறதுக்கு முன்னாடியே சாதிச்சுட்ட!" என்றான்.

இம்கேவுக்கு நெஞ்சு பூரித்தது. எந்தச் சிரிப்புப் பட இயக்குநருக்கு இப்படி நடந்திருக்கிறது? அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் ரூபர்ட் அவளைக் கூடார மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ரோடு வந்துட்டா நம்ம படத்துக்கு என்ன கதை இருக்கு இம்கே?"

"தெரியுது."

"நடிகர்களுக்குப் பேசியாச்சு. ஏணி செஞ்சாச்சு. பாலத்துக்கு ரோடு இருந்தா ஒருத்தன் எதுக்கு ஏணில ஏறணும்? பைத்தியமா அவன்?"

"தெரியுதுன்னு சொல்றேன் இல்ல?"

"மூணே வாரம். மூணு வாரம் கழிச்சுப் போடச் சொல்லு. பாலம் எங்கயும் ஓடிடாது. அதுக்குத்தான் ரோடே இல்லையே."

இம்கே ஆற்றைப் பார்த்தாள். அக்கரையில் ரோலர் மெதுவாக உறுமிக்கொண்டு நின்றது. இக்கரையில் கேமரா. மூன்று வாரம்தானே, எவ்வளவோ வருஷம் பொறுத்த ஊர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஹார்ட்விக்கிடம் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்.

அவர் மறுப்பார் என்று உள்ளூர ஓர் ஆசை இருந்தது அவளுக்கு. ஹார்ட்விக் மறுக்கவில்லை. தலையிலிருந்து காப்புத் தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"கலைச் சுதந்திரம் மேடம். அரசியல் சாசனத்துலயே இருக்கு. அதுக்குக் குறுக்க ரோடு போட எங்களுக்கு அதிகாரமே கிடையாது."

ரோலர் திரும்பிப் போயிற்று. மாலையில் ஹாயோவின் சமையலறையில் பெரிய சண்டை.

"ரோடு போட வந்தவனத் திருப்பி அனுப்பினது யாரு?"

"மூணு வாரம்தாண்ணே..."

"மூணு வாரமா? நம்ம அரசாங்கத்துல மூணு வாரம்னா என்னன்னு தெரியாதா ஒனக்கு? நீ அதப் பத்தித்தானே படமே எடுக்கற!"

அவன் வைத்த உருளைக்கிழங்கு சூப்பைப் பேசாமல் குடித்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பினாள்.

மூன்று வாரத்தில் படப்பிடிப்பும் முடியவில்லை, ரோலரும் வரவில்லை. அதை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஹார்ட்விக் வருத்தத்தோடு தெரிவித்தார். இம்கே அவருக்கு இருமுறை போன் போட்டாள். அதற்குமேல் போட நேரமில்லை. திறப்பு விழாக் காட்சி சொதப்பிக்கொண்டிருந்தது.

அமைச்சராக நடிக்க வந்தவர் ஹாம்பர்க் நாடக மேடைகளில் பேர் வாங்கிய நடிகர். அவர் அந்தப் பேச்சைப் பேசினால் வசனம் பேசுவது போலவே இருந்தது. எத்தனை தடவை எடுத்தாலும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. லூடமன் தினமும் வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் அன்னிக்கு நிஜமாப் பேசினது இதவிடக் கொஞ்சம் நல்லா இருந்துது."

"ஞாபகம் இருக்கா சார்?"

"மனப்பாடம்."

ஏணியில் ஏறினார். பாலத்தின்மேல் நின்று கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! இந்தப் பாலம் இரு கரைகளையும் இணைக்கவில்லை என்று சிலர் குறை கூறுகிறார்கள். அது இரு கரைகளையும் பிரித்துவிடவும் இல்லை என்பதை அவர்கள் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்!"

ஒலிப்பதிவாளர் தலையிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுக் குனிந்து குலுங்கினார். விளக்குப் பிடித்தவன் கையில் விளக்கு ஆடிற்று. ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இம்கேகூடச் சிரித்துவிட்டாள். பெரிய நடிகர் பேசாமல் தன் மீசையைப் பிய்த்து ஒப்பனைக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து லூடமனாக லூடமனே நடித்தார். பேச்சு முழுவதையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் எடுத்தார்கள். இம்கே இராப்பகலாக உட்கார்ந்து எழுதிய வசனங்கள் குப்பைக்கூடைக்குப் போயின.

படப்பிடிப்பு முடிந்த அன்று அவர் அவளைத் தனியே அழைத்தார். கையில் பீர்க் குவளை. முகத்தில் ஏதோ குழப்பம்.

"எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க. எனக்கும் சந்தோஷந்தான். ஒண்ணு மட்டும் கேக்கணும் மேடம். அந்தக் கரைகள் பத்தின வரில எதுக்குச் சிரிச்சாங்க?"

இம்கே அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"அது நானே உக்காந்து எழுதினது. மத்ததெல்லாம் அலுவலகத்துல எழுதிக் குடுத்தது. வீட்டுல வாசிச்சுக் காட்டினப்பகூட என் மனைவி சிரிக்கல."

"என்ன சொன்னாங்க?"

"தூங்கிட்டா."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பூனைக்குட்டியை மரத்திலிருந்து இறக்கிவிடும் காட்சியை எடுத்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றிற்று. "நல்ல வரி சார் அது. அதான் சிரிச்சாங்க," என்றாள்.

"அப்படியா!" என்று அவர் மலர்ந்துபோனார்.

படம் இலையுதிர் காலத்தில் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. கழுத்தைச் சுற்றி நீளத் துண்டு போட்டுக்கொள்ளும் விமர்சகர்கள், அதிகாரத்தின் முகத்திரையை இம்கே ப்ரோடர்சன் கிழித்துவிட்டாள் என்று எழுதினார்கள். முகத்திரை கிழிந்தவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். தலைநகரத்தில் பெரிய மனிதர்கள் கோட்டில் ஏணி வடிவத்தில் ஒரு வெள்ளி ஊசி குத்திக்கொள்வது நாகரிகம் ஆயிற்று. விருந்துகளில், சௌக்கியமா என்று கேட்பது போய், "உங்கள எந்தப் படத்துல கேலி பண்ணியிருக்காங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்னும் கேலிக்குள்ளாகாத நிதி அமைச்சர் மனம் உடைந்து மருத்துவ விடுப்பில் போனார். லூடமனைப் பார்த்து வாசல் காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தான், அடித்துவிட்டுச் சிரித்தான்.

வைடன்பெக்குக்குப் பேருந்து பேருந்தாக ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஏணியில் ஏறி, பாலத்தில் நின்று, அந்த வரியைச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மாநிலப் பண்பாட்டுத் துறை உடனே விழித்துக்கொண்டு, அந்தப் பாலத்தைப் பாதுகாக்கப்பட்ட திரைப்பட நினைவுச்சின்னமாக அறிவித்தது. இன்றுள்ள நிலையிலேயே அதைக் காக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்தும் எந்த ரோடும் அதைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது.

செய்தியைக் கேட்டு இம்கே பதறிப்போய் ஊருக்கு ஓடினாள். அண்ணன் காறித் துப்புவான் என்றுதான் எதிர்பார்த்தாள். ஹாயோ பாலத்தடியில் ஒரு கடை போட்டு, வறுத்த சாஸேஜும் மோரும் விற்றுக்கொண்டிருந்தான். வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது.

"அண்ணே, சட்டத்தப் பாத்தியா? இனிமே ரோடே வராது!"

"பாத்தேன், பாத்தேன். கொஞ்சம் அந்தக் கடுகுச் சாந்த எடு." ஒருவருக்கு ரொட்டியை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சுத்திப் போறது கஷ்டந்தாண்டி. பால் வண்டிக்காரன் தெனம் திட்டறான். ஆனா ரோடு வந்துட்டா இவங்கள்ளாம் நின்னு வாங்குவாங்களா? சர்ருன்னு பாலத்து மேல போயிடுவாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்க?"

ஹாயோ கரண்டியைத் துடைத்தான். "அதான் எனக்கும் உறுத்துது," என்றான். பிறகு அடுத்தவருக்கு சாஸேஜ் எடுக்கத் திரும்பினான்.

அந்த உறுத்தல் இம்கேவைத் தொற்றிக்கொண்டு விடவேயில்லை. ரோலரைத் திருப்பி அனுப்பியது அவள் வாய்ச்சொல். வேறு யாரையும் கை காட்டவும் வழியில்லை. ஜூன் மாதத்தில் மாநிலத்தின் மிக உயர்ந்த நையாண்டி விருது அவளுக்கு அறிவிக்கப்பட்டபோது, வாங்கும் இடத்தில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். ரூபர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை.

விழா பாலத்தடியிலேயே, புல்வெளியில். வடக்கத்திக் கோடையாதலால் இராச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பட்டப்பகல். முதல்வர், அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவி, துண்டு போட்ட விமர்சகர்கள், ஊர் மொத்தமும். ஸ்டால்மன் விருதை வாசித்தார். லூடமன் பரிசைக் கையில் கொடுத்தார். இம்கே மைக் முன்னால் போய் நின்றாள்.

"நான் இன்னிக்கு ஜோக் எதுவும் சொல்லப் போறதில்ல," என்றாள்.

சபையில் ஒரு சின்னச் சிரிப்பு.

"நிஜமாச் சொல்றேன். இந்த ஊருக்கு ரோடு போட வந்தாங்க. அத நிறுத்தினதே நாந்தான். ரோடு இல்லேன்னு படம் எடுக்கறதுக்காக ரோட்ட நிறுத்தினேன்!"

சிரிப்பு பின்வரிசை வரை பரவிற்று. யாரோ "பிரமாதம்!" என்று கத்தினார்கள்.

"சிரிக்காதீங்க! இங்க ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டுதான் வருது. சட்டத்த மாத்துங்க. தயவுபண்ணி ஒரு ரோடு போடுங்க. ஒரு சாதாரண ரோடு!"

"ஒரு சாதாரண ரோடு!" என்று முதல்வர் திருப்பிச் சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டார். எதிர்க்கட்சித் தலைவி கண்ணில் வழிந்த நீரைத் துடைத்தாள். விமர்சகர்கள் எழுந்து நின்றார்கள். இம்கேவுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுகையைப் பார்த்ததும் கைதட்டல் இடி மாதிரி ஆயிற்று. பணி நேரமாக இருந்தும் டாக்டர் ஸ்டால்மன் சிரித்தார். சிரித்து முடித்து அவள் காதருகே வந்து, "இப்பதான் மேடம் கூர்மை வந்திருக்கு. ரெண்டாம் பாகத்துக்கு இன்னிக்கே விண்ணப்பம் போடுங்க," என்றார்.

மேடையை விட்டு இறங்கியவளை ஹாயோ வழிமறித்தான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் பிடித்திருந்தது. "அந்த ஆம்புலன்ஸ் எடம் இருக்கே! ஒரு நிமிஷம் நானே நிஜம்னு நெனச்சுட்டேண்டி!"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

விழா முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஊருக்கு வெளியே போக இருப்பது ஒரே வழி. முதல்வர், அமைச்சர்கள், அதிகாரிகள், விமர்சகர்கள், பேருந்துகள், பால் வண்டி எல்லாம் அந்த ஒற்றைப் பாதையில் வரிசையாகப் போய் நின்றன. ஒன்றும் நகரவில்லை. பொழுது மங்க ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வண்டியை அணைத்தார்கள்.

இம்கேவின் காருக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புக் காரின் கண்ணாடி இறங்கிற்று. லூடமன் தலையை வெளியே நீட்டினார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தார். கோட்டில் வெள்ளி ஏணி மின்னியது.

"மேடம், ரொம்ப நேரமா நிக்கறோம் போலிருக்கே?"

"ஆமா சார்."

"அக்கரைல நகரத்து விளக்கு தெரியுது பாருங்க. கூப்பிட்டாக் கேக்கும். இங்கேருந்து நேரா ஒரு ரோடு இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல சாப்டுட்டு உக்காந்திருக்கலாம்." பெருமூச்சு விட்டார். அவருக்கு உண்மையிலேயே பசி. "எந்த முட்டாள் இதக் கவனிக்காம விட்டானோ தெரியல. இப்படியெல்லாம் நடக்கறதப் பத்தி யாராவது ஒரு படம் எடுக்கணும் மேடம்."

"எடுக்கலாம் சார்," என்றாள் இம்கே.

பின்னாலிருந்து ஸ்டால்மன் ஹாரன் அடித்தார்.